காட்டேரிக்கு எடுத்துவைத்த ஈரல்

பல் வந்துவிட்டது பயலுக்கு. கண்ணுக்குப் படவில்லை, காம்புக்குத்தான் தெரிந்தது. கீழ் ஈறில் நொய்யரிசி நுனி மாதிரி ஒன்று, சுருக்கென்றது. பேச்சியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள், சத்தம் வரவில்லை. சத்தம் அவளுக்கு எப்போதுமே சட்டென்று வராது. பேச்சி என்று சாமி பேரை வைத்தும் பேச்சு வரவில்லையே என்று தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள், அதற்கும் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வாள். மதியம் கொழுந்து எடை போட்டு முடிந்ததும் பால் கொடுக்கிறவர்களை மட்டும் கொஞ்ச நேரம் விடுவார்கள். எஸ்டேட் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தகரக் கொட்டகையில் சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருந்தாள். இடுப்பில் சுற்றிய தார்ப்பாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பயல் விட்டு விட்டுக் குடித்தான், குடித்துவிட்டுக் கடித்தான், கடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான், அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று. ஆயா லூர்தம்மா வந்து அவன் வாயை விரலால் விலக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “ரத்தக் காட்டேரியையில்லடி பெத்துப் போட்டிருக்க,” என்றாள். பேச்சியம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த வார்த்தையை அவள் பகலில் யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. அது ராத்திரிப் பாயில், மகளும் அவளும் மட்டும் புழங்குகிற வார்த்தை. லூர்தம்மாவுக்கும் அந்த வார்த்தை எதையோ கிளறிவிட்டது போல. காட்டேரின்னதும்தான் நினைப்பு வருது என்று தொடங்கி, தொட்டிலை ஒரு கையால் ஆட்டியபடி, சிரித்துச் சிரித்துச் சொன்னாள். போன திங்கட்கிழமை பள்ளிக்கூட ஜீப்பை விட்டு இறங்கின கையோடு உன் மக தர்ஷிகா சிரட்டையில எதையோ வச்சுப் பொத்திக்கிட்டு லைனுக்குப் பின்னால போனா, என்னடின்னு கேட்டா கறி ஈரலாம், காட்டேரி அக்காவுக்காம், அவளும் பால் குடுக்கிறவளாம், மறுநாள் போய்ப் பாத்தா சிரட்டையைச் சுத்தமா நக்கி வச்சிருக்காம், அதுல அவளுக்கு ஒரு பெருமை பாத்துக்கோ. சின்னப் புள்ளைக விளையாட்டு, என்றாள் லூர்தம்மா. பயல் மறுபடி கடித்தான். இந்தத் தடவை வலிக்கவில்லை. எதுவுமே வலிக்கவில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். திங்கள். நேற்றுக் கோழி எடுத்தது. ஈரலைத் தனியே எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடிவைத்தது. தின்னுடி என்றதற்கு, இருக்கட்டும்மா, நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து தின்னுக்கிறேன் என்று மகள் சொன்னது. அட, இப்போதாவது ஆசையாக் கேட்கிறாளே என்று தான் சந்தோஷப்பட்டது. கிண்ணம் அலமாரியில் இருக்கிறது. சிரட்டை எங்கே இருக்கிறது?

லைனுக்குப் பின்னால் என்றால் கடைசி வீட்டுக்கும் அப்பால், கொய்யா மரம் தாண்டி, தேயிலை தொடங்குகிற இடம். அங்கே யாரும் போவதில்லை. மேல் டிவிஷனில் புத்னியின் பிள்ளையை அது கொண்டுபோனதற்குப் பிறகு யாரும் போவதில்லை. அது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், பேரைச் சொன்னால் வந்துவிடும் என்கிற மாதிரி. பேச்சியம்மாவும் அது என்றே நினைத்தாள். நினைப்பில்கூடப் பேர் வரவில்லை. புத்னி ஜார்க்கண்டிலிருந்து புருஷனோடு வந்தவள், இவளைவிடச் சின்னவள், மூக்கில் பெரிய வளையம். தண்ணீர்க் குழாயடியில் விளையாடிய பிள்ளை, பொழுது சாய்கிற நேரம், குடத்தை இடுப்பில் தூக்கித் திரும்புவதற்குள். அப்புறம் புத்னி தேயிலைக்குள் அலைந்தாள். முனியா, முனியா என்று கூப்பிட்டுக்கொண்டே அலைந்தாள். இங்கே இருக்கிறவர்களெல்லாம் அவள் முனியப்பனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார்கள். நம்ம சாமி இவளுக்கு எப்படித் தெரியும் என்று அதிசயப்பட்டு, ஒருத்தி சூடம்கூட ஏற்றிவைத்தாள். முனியா என்பது அந்தப் பிள்ளையின் பேர் என்று யாரோ வந்து சொல்லும்போது புத்னிக்குக் குரலே போயிருந்தது. வாய் மட்டும் அசைந்தது. சத்தமில்லாமல் அசைகிற அந்த வாயைப் பேச்சியம்மா பார்த்தாள், பார்த்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல், அவளுடைய பாஷையும் தெரியாமல், தெரிந்தாலும் தனக்கு வந்திருக்காது என்று தெரிந்து, பையிலிருந்த வெற்றிலையைக் கொடுத்துவிட்டு வந்தாள். வெற்றிலை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு வெற்றிலை. அதை நினைத்தால் இப்போதும் காது சுடும். கொஞ்ச நாளில் புருஷனும் பெண்டாட்டியும் ஊருக்குப் போய்விட்டார்கள். அவள் போனாள், அந்த வாய் போகவில்லை. வயிற்றில் அப்போது இந்தப் பயல். தர்ஷிகாவோ ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை, கதவு திறந்திருந்தால் போதும், கோழிக்குஞ்சு மாதிரி வெளியே. காட்டிலாகாக்காரர் மைதானத்தில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். கோழிக் குடலை லைனுக்குப் பின்னால் வீசாதீர்கள், அதற்கு நாய் வரும், நாய்க்கு அது வரும். பொழுது சாய்ந்தால் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். குத்தவைத்து உட்கார்ந்தால் பெரிய ஆள்கூட அதன் கண்ணுக்குச் சின்ன மிருகமாகத் தெரியும், நின்றுகொண்டிருங்கள். போகும்போது பேசிக்கொண்டு போங்கள், பாடிக்கொண்டு போங்கள், சத்தம் கேட்டால் அதுவே விலகிவிடும். அதற்கும் போக இடமில்லை அம்மா, என்றார் அவர், சோலையெல்லாம் துண்டு துண்டாகிவிட்டது, நடுவில் முழுக்கத் தேயிலை, அது எந்தப் பக்கம் போனாலும் ஒரு லைன் வீடு குறுக்கே நிற்கிறது. எலியைக் கொல்லும் அதே பல்லால்தான் பூனை குட்டியையும் கவ்வுகிறது, குட்டிக்கு வலிக்குமா? அந்த மாதிரிதான் அதுவும், என்றார். பேச்சியம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இதை மகளுக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? முனியா எங்கேம்மா என்று கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் அதன் பேரை எப்படிச் சொல்வது?

அப்படித்தான் காட்டேரி வந்தாள். முழுசாக வரவில்லை, துண்டு துண்டாக வந்தாள். கடித்தால் தெரியாது என்பது அட்டையிலிருந்து வந்தது. காலில் ஏறுவதும் தெரியாது, உறிஞ்சுவதும் தெரியாது, போனபிறகுதான் ரத்தம் வழிந்து செருப்பு வழுக்கும். தலைகீழாகத் தூங்குவாள் என்பது வௌவாலிலிருந்து வந்தது. ஃபாக்டரி ரோட்டை அகலப்படுத்த ஆலமரத்தை வெட்டியபோது அத்தனை பழந்தின்னி வௌவாலும் பட்டப்பகலில், வெயிலில், தொங்க இடமில்லாமல் வட்டமடித்தன. அன்றைக்கு முழுதும் மகள் அண்ணாந்தே இருந்தாள். குடல் நாற்றத்துக்கு வருவாள், வெளிச்சத்துக்கு வரமாட்டாள், குத்தவைத்தவர்களைப் பிடிப்பாள், நிமிர்ந்து நிற்கிறவர்களைக் கண்டால் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவாள் என்பதெல்லாம் காட்டிலாகாக்காரர் கொடுத்தது. பேச்சு வராது, வாய் மட்டும் அசையும் என்பது எங்கிருந்து வந்தது என்று மகளுக்குத் தெரியாது. அவளுக்கு ஏம்மா காட்டேரின்னு பேரு என்று பிள்ளை கேட்டது. பேச்சியம்மாவுக்கு என்ன தெரியும், அஞ்சாம் வகுப்போடு நின்றவள். காடு ஏறிப் போறாள்ல, அதான் காடேறி, காட்டேரி, என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சொன்னதும் அது உண்மை மாதிரியே இருந்தது. பாயில், இருட்டில், பிள்ளையின் மூச்சு கழுத்தில் படும்போது அவளுக்குப் பேச்சு வரும். யார் முன்னாலும் வராத பேச்சு அப்படி வரும். பயந்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் தர்ஷிகா பயந்துவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளையா? காட்டேரிக்கு வீடு இருக்கா? இருந்துச்சு, தேயிலை நட்டப்போ போயிருச்சு. குளிராதா? குளிரும். அவளுக்குப் பாப்பா இருக்கா? இருக்கு என்று சொல்லியிருக்கக் கூடாது. இருக்கு, தேடிக்கிட்டிருக்கா, என்று சொல்லியிருக்கவே கூடாது. ஏன் ரத்தம் குடிக்கிறா என்றதற்கு, கெட்டவ, அதான், என்று முடித்திருந்தால் முடிந்திருக்கும். முடிக்க வரவில்லை. அந்த வாய் அசைந்துகொண்டே இருந்தது. பசிக்குடி அவளுக்கு, உடம்புல ரத்தமே இல்ல, பாப்பாவுக்குப் பால் எப்படி வரும், என்றாள். பிள்ளை ரொம்ப நேரம் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தாள் பேச்சியம்மா. தூங்கவில்லை போலிருக்கிறது. அங்கேதான் எங்கோ பிடி நழுவியிருக்கிறது. பயந்து உள்ளே இருக்கட்டும் என்று கட்டின கதை, பாவப்பட்டு வெளியே போகச் சொல்லியிருக்கிறது. ஈரல் எங்கிருந்து வந்தது? ஈரலைக் கதையில் எங்கேயும் வைக்கவில்லையே.

மணி அடித்தது. பயலை லூர்தம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மறுபடியும் ஏறினாள். தேயிலையைத்தான் இங்கே காடு என்பார்கள், நிஜமான காட்டைச் சோலை என்பார்கள். காடு ஏற ஏற மூடுபனி இறங்கியது. வரிசையில் நின்றாள், கொழுந்தைப் பார்த்தாள், கை தானாகப் போய்க் கிள்ளியது. ஜீப் வர இன்னும் நேரம் இருக்கிறது. இருக்கிறதா? பிள்ளை இறங்கி வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் ஏற்பாடு. வீட்டுக்காரர் ஃபாக்டரியில், இவள் காட்டில், இரண்டு பேரும் வரும்வரைக்கும் பிள்ளையும் தாழ்ப்பாளும். போன திங்கள் வந்தபோது தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது. ஆமாம், போய்விட்டு வந்து போட்டிருக்கிறாள், கள்ளி. மறுநாள் சிரட்டை சுத்தமா இருந்துச்சாம். நக்கினது நாயாக இருக்கலாம், மரநாயாக இருக்கலாம், காட்டுப்பன்றியாக இருக்கலாம். எதுவாகவும் இருக்கலாம் என்பதற்குள் அதுவும் இருந்தது. ருசி கண்டது நேரம் தவறாது. போய்க் கேட்க வேண்டும். சூப்பர்வைசர் மனோகரன் மேலே பாறை ஓரம் குடையோடு நிற்கிறார். நாலு வரிசை தாண்டிப் போய், சார், நான் கொஞ்சம் முன்னாடி போகணும். ஏம்மா? என் மக... என் மக காட்டேரிக்கு ஈரல் வைக்கப் போறா சார். எல்லாரும் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். அப்படி வேண்டாம். சார், வயிற்று வலி. ஆம்பிளையிடம் வயிற்று வலி என்று எப்படிச் சொல்வது. சார், பயலுக்குக் காய்ச்சல். பொய் சொன்னால் பலித்துவிடும், காய்ச்சல் வேண்டாம். சார். சார் வரைக்கும்தான் வந்தது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் சோற்றில் உப்பு இல்லை என்று சொல்லத் தெரியாமல் ஒரு வாரம் உப்பில்லாமல் தின்றவள். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பியபோதும் இப்படித்தான். மலைக்குக் கீழே தரையிலிருந்து வந்த புது டீச்சர் நாளைக்கு எல்லாரும் அட்டை கொண்டு வரணும் என்று சொல்லிவிட்டார், படம் ஒட்டுகிற அட்டை. இந்தப் பிள்ளைகளுக்கு அட்டை என்றால் ஒன்றுதானே தெரியும். தர்ஷிகா விடியக் காலையிலேயே காலை ஈரப்புல்லில் நீட்டி உட்கார்ந்து, ஏறினதையெல்லாம் எடுத்து ஊறுகாய்ப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு போனாள். மேசைமேல் பாட்டில் உருண்டு திறந்துகொண்டு, டீச்சர் நாற்காலிமேல் ஏறிவிட்டாராம். அதற்குத்தான் கூப்பிட்டார். பேச்சியம்மா வாசலில் நின்றாள், ஒரு வார்த்தை வரவில்லை, டீச்சரே சிரித்து, அவள் கையைப் பிடித்து, தப்பு என் பேர்லதான்மா, உங்க பொண்ணு சொன்னதைச் சொன்னபடி செய்யிறா, என்று அனுப்பிவைத்தார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. சொன்னது யார்?

சோலைப் பக்கமிருந்து கருமந்திக் குரங்கு கத்தியது. ஹூப் ஹூப் என்று கூவுகிற சத்தம் இல்லை, இது வேறு, எதையோ கண்டுவிட்ட சத்தம், தொண்டையில் எலும்பு மாட்டினது மாதிரி அறுத்து அறுத்து. வரிசையில் எல்லாருடைய கையும் ஒரு நொடி நின்றது. கை மறுபடி ஓடத் தொடங்கியது. கீழே எங்கோ ஜீப் ஒன்று வளைவில் முனகிக்கொண்டு ஏறியது. லைன் வாசலில் நின்றது. மறுபடி கிளம்பியது. அவ்வளவுதான், இறங்கியிருப்பாள். பையைப் போடுவாள், கிண்ணத்தை எடுப்பாள், ஸ்டூலில் ஏற வேண்டும், ஏறுவாள். பேச்சியம்மாவுக்குக் கெண்டைக்காலில் சூடாக ஏதோ இறங்கியது. அட்டைதான். எப்போது ஏறியதோ. உப்பும் புகையிலையும் தேய்த்த கால், மழையில் கரைந்துபோயிருக்கும். தட்டிவிடக் குனிந்தாள். குனிந்தவளுக்குத் தான் இப்போது எவ்வளவு சின்ன உருவம் என்று தோன்றியது. கொய்யா மரத்தடியில் சிரட்டையை வைக்கிற பிள்ளையும் குனியத்தானே வேண்டும். குனிந்து, குத்தவைத்து, சிந்தாமல், பதமாக வைப்பாள். சொன்னதைச் சொன்னபடி. நிமிர்ந்தாள். கூடையைக் கழற்றி அப்படியே செடிமேல் வைத்தாள். நாலு வரிசையைத் தாண்டினது எப்படி என்று தெரியவில்லை. சேலை கிழிந்தது. மனோகரன் முன்னால் நின்றபோது ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் இல்லை. “எம் புள்ள வெளிய நிக்குது சார்,” என்று கேட்டது ஒரு குரல். கருமந்தி கத்தினது மாதிரியே இருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், சோலைப் பக்கம் பார்த்தார். “போம்மா. இதைக் கேக்கவா இவ்வளவு நேரம் அங்க நின்ன?” என்றார். பிறகு, கூட ஒரு ஆளை அனுப்புகிறேன் என்று அவர் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுவதற்குள் அவள் பாதி இறக்கத்தில் இருந்தாள்.

மூடுபனி பாதையை மூடியிருந்தது. முன்னால் ஒரு செடி, பின்னால் ஒரு செடி, நடுவில் அவள், வேறு உலகம் இல்லை. சத்தம் போட்டுக்கொண்டு போக வேண்டும். பாட வேண்டும். எதைப் பாடுவது? எவ்வளவோ பாட்டு கேட்டிருக்கிறாள், ஒன்றும் வரவில்லை. தாலாட்டு வந்தது, அதைப் பாடினால் பிள்ளை தூங்கிவிடுமே என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்தாள். சாமி பாட்டு முதல் அடியோடு நின்றது. அப்போது அஞ்சாம் வகுப்பிலிருந்து, பெஞ்சும் பிரம்பும் ஈரச் சுவருமான வாசனையோடு ஒன்று ஏறி வந்தது. ஓரேழு ஏழு, என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஈரேழு பதினாலு. மூவேழு இருபத்தொண்ணு. குரல் உடைந்தது, உடைந்த இடத்திலிருந்தே பெரிதானது. நாலேழு இருபத்தெட்டு. ஐயேழு முப்பத்தஞ்சு. வழுக்கினாள், செடியைப் பிடித்துக்கொண்டாள், நிற்கவில்லை. இப்படி ஒரு குரல் தனக்குள் இருந்ததா. இத்தனை நாள் எங்கே இருந்தது. புத்னிக்கு இருந்தது, அவள் எல்லாவற்றையும் இந்தக் காட்டிலேயே கொட்டிவிட்டுப் போனாள், அதுதான் கிடந்து தன் வாயில் ஏறிவிட்டதோ. ஆறேழு நாப்பத்திரண்டு. பேச்சித்தாயே. ஏழேழு நாப்பத்தொம்பது. கோயிலில் பேச்சியின் மடியில் ஒரு பிள்ளை, வாயில் குடல், சின்ன வயதில் பார்த்துப் பயந்திருக்கிறாள். இவள் காப்பாத்துறவளா, தின்கிறவளா என்று கேட்டதற்கு அம்மா தலையில் குட்டினாள். எட்டேழு. எட்டேழு எவ்வளவு? எட்டேழில் அவளுக்கு எப்போதும் நின்றுபோகும். எட்டேழில்தான் வாத்தியார் அடித்தார், அதற்கு மறுவாரம்தான் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நிறுத்தினார்கள், எட்டேழு அப்படியே நின்றுவிட்டது. லைன் வீடுகளின் கூரை மூடுபனிக்குள் கறுப்பாகத் தெரிந்தது. வீட்டுக் கதவு திறந்துகிடந்தது. ஸ்டூல் அலமாரிக்குக் கீழே. கிண்ணம் காலி. லைனில் எப்போதும் குரைத்துக்கொண்டே இருக்கிற நாய் ஒன்று, வாசல்படிக்கு அடியில் புகுந்து, வாலை இடுக்கி, வாயைத் திறக்காமல் கிடந்தது. எந்தப் பக்கம் போனாள்? கொய்யா மரம் என்றால் இடப்பக்கமா, குழாயடிப் பக்கமா? மூடுபனி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள், வாய் அசைந்தது, பேர் வரவில்லை. அசைகிற வாய், சத்தமில்லாத வாய். இதுதான், இப்படித்தான். நாக்கில் நின்றது ஒன்றே ஒன்றுதான், அதையே கத்தினாள். “எட்டேழு அம்பத்திநாலு!”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வலப்பக்கமிருந்து, நினைத்ததைவிடத் தூரத்திலிருந்து, ஒரு சின்னக் குரல், கொஞ்சம் சலிப்போடு வந்தது.

“அம்பத்தாறு.”

“எழுந்து நில்லுடி!” என்று கத்திக்கொண்டே ஓடினாள் பேச்சியம்மா. “நிமிந்து நில்லு! மேல சொல்லு, நிறுத்தாத, சத்தமாச் சொல்லு!”

“ஒம்பதேழு அறுபத்திமூணு,” என்றது குரல். பத்தேழு எழுபது என்றது. பிறகு எட்டாம் வாய்ப்பாட்டுக்குப் போனது. அந்தக் குரலைக் கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டு போனாள். தேயிலையின் கடைசி வரிசை ஓரத்தில், பள்ளிக்கூடச் சட்டையோடு, சிரட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விறைப்பாக நின்றிருந்தாள் தர்ஷிகா. யாரோ தப்புத்தப்பா வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு வந்தாங்க, நீயின்னு தெரியலம்மா, என்றாள். உன் சத்தமே இல்ல அது, காட்டேரிக்குப் பேச்சு வந்திருச்சோன்னு நெனச்சேன். பேச்சியம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். தூக்குகிற வயதைத் தாண்டின பிள்ளை, கால் தொங்கியது. பின்பக்கம் திரும்பாமல், முகத்தைச் செடிகளின் பக்கமே வைத்து, ஒவ்வொரு அடியாகப் பின்னுக்கு வைத்தாள். ஏழெட்டு அம்பத்தாறு, எட்டெட்டு அறுபத்திநாலு என்று இருவரும் சொல்லிக்கொண்டே போனார்கள். அவர்கள் விட்டுவந்த இடத்துக்கு அப்பால், ரெண்டு வரிசை தள்ளி, காற்றே இல்லாத அந்த நேரத்தில் ஒரு தேயிலைச் செடி மட்டும் அசைந்தது. அசைந்து நின்றது. நீர் சொட்டி அசைந்திருக்கலாம். பறவை ஏதாவது இருக்கலாம். எரிச்சலோ கோபமோ இல்லாமல், ஒரு நொடி, யாரோ தன்னைப் பார்க்கிற மாதிரி அவளுக்கு இருந்தது. அங்கேயும் குட்டி இருக்கலாம். இருக்கட்டும், உனக்கு வேற எடம் இருக்கும் தாயி, போ, என்று வாய்க்குள் சொன்னாள்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சிமென்ட் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அடிக்க வேண்டும் போல இருந்தது, அடிக்கவில்லை. மனோகரன் அனுப்பின பெண் கொட்டகையிலிருந்து பயலைத் தூக்கிக்கொண்டு வந்து, கொடுத்துவிட்டு, அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். பயல் மடியில் ஏறிக்கொண்டான். சொல்லிவிட வேண்டும், இப்போதே, விளக்கை அணைக்கிறதுக்கு முன்னால், முகம் தெரிகிற போதே. “வெளிய இருக்கிறது சிறுத்தை,” என்றாள். பேர் வந்துவிட்டது. சொன்னதும் எதுவும் கதவைத் தட்டவில்லை. “முனியாவைக் கொண்டுபோனது சிறுத்தைதான். காட்டேரி இல்ல. அதுக்கு உன்னைத் தெரியாது, உன் பேரு தெரியாது, நீ பாவப்பட்டது தெரியாது. சோறு வச்சா அது மறுபடி வரும், வந்தா அங்க நீ நிக்கிற. புரியுதா?” பிள்ளை தலையாட்டினாள். சிறுத்தையும் பாவமா என்று கேட்டாள். பாவம்தான், ஆனா அதோட பாவத்துக்கு நாம சோறு வைக்கக் கூடாது, தூரமா இருந்து பாவப்படணும், என்றாள். அப்படிச் சொன்னது சரியா என்று தெரியவில்லை. சரியாகத்தான் இருக்கும். தர்ஷிகா சிரட்டையைப் பார்த்தாள்.

“அப்ப காட்டேரிக்கு?”

“ஏண்டி ஈரல்? ஈரல்னு நான் எப்பச் சொன்னேன்?”

நர்ஸ் அக்கா சொன்னாங்கல்ல, என்றாள் தர்ஷிகா. பாப்பாவுக்கு ஊசி போட வந்தப்போ. ரத்தம் ரொம்பக் கம்மி, பால் குடுக்கிறவ ஈரல் தின்னணும், தின்னா ரத்தம் தானா ஊறும்னு சொன்னாங்கல்ல. அவளுக்கும் ரத்தம் இல்ல. ஈரல் தின்னா ஊறிரும், அப்புறம் யாரையும் கடிக்க மாட்டா. அதுக்குத்தான். பேச்சியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. நர்ஸ் சொன்னது இவளுக்கு. ஞாயிறுதோறும் வீட்டுக்காரர் இவளுக்கென்று ஈரலைச் சொல்லி வாங்கி வருவார், இவள் அதை மகளுக்கென்று மூடிவைப்பாள், மகள் அதைக் காட்டேரிக்கென்று கொண்டுபோவாள். ஒருத்தி வாய்க்கும் போகாமல் தேயிலைக்குப் போயிருக்கிறது. “அது எனக்குச் சொன்னதுடி,” என்றாள். தர்ஷிகா அம்மாவைப் பார்த்தாள். முதல் தடவை பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். வெளுத்த உதடு. மடியில் பயல். கெண்டைக்காலில் அட்டை விட்ட இடத்திலிருந்து நிற்காமல் இறங்கி, கணுக்காலைச் சுற்றி, தரையில் சொட்டிக்கொண்டிருக்கிற ரத்தம்.

“நீ தினமும் காடு ஏறுறல்ல?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“காடேறி.”

பேச்சியம்மா பக்கத்துத் தரையைத் தட்டிக் காட்டினாள். பேச்சு வரவில்லை என்பதால் இல்லை. தர்ஷிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குத்தவைக்கவில்லை, சம்மணம் போட்டு, பந்தியில் உட்காருகிற மாதிரி. இனிமே வெளிய வைக்க மாட்டேன், உள்ளயே குடுக்கிறேன், என்றாள். சிரட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, மிளகு ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டு, அம்மாவின் வாய்க்கு நேராக நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. கடிச்சிராதே என்றாள், நிஜமாகவே கொஞ்சம் பயந்து. பேச்சியம்மா வாயைத் திறந்து, குட்டியைக் கவ்வுகிற மாதிரி, அந்தச் சின்ன விரல் நுனியில் பல் பட்டும் படாமல், வாங்கிக்கொண்டாள்.